அண்ணன் ஊருக்கு ஒரு பகல் பயணம்

மரவள்ளிக்கிழங்கைக் கண்டால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற என் வயதுக்காரர்கள் சிலர் இன்னும் மிச்சம் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில் நீங்கள் எந்தத் தோட்டத்தில் இருந்தீர்களோ, நான் மலாயாவில் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். ஒன்பதோ பத்தோ வயது. கோணிச் சாக்கில் தைத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு, இங்கிலாந்தில் ஒரு ஊரைப் பகல் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்தத் திட்டத்துக்காக எங்கள் தோட்டத்துக்குள் மிலிட்டரி லாரி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா ரப்பர் பால் வெட்டி என்னை வளர்த்தாள். ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். பால் எடுத்தாலும் வாங்க ஆளில்லை. மரங்களுக்கு நடுவே மரவள்ளி போடச் சொன்னார்கள். அம்மா கிராணி வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தாள். நானும் கூடப் போய் அங்கேயே கிடந்தேன்.

கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸில் கணக்கு வழக்கு பார்ப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர். துரைக்கு அடுத்தபடியாக லயத்து ஜனங்கள், அதாவது வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிகள், பயந்தது அவருக்குத்தான். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது மகன். சண்டை தொடங்குவதற்கு முன்பே கப்பலேறி இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர். கேம்பிரிட்ஜ் என்ற ஊர். தெருவுக்குத் தெரு பழைய கல்லூரிகள் நிற்கிற ஊராம். இளையது மகள். சிரம்பானில் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவள், பதினாறு வயது. படிப்பை முடித்ததும் அவளையும் அண்ணன் இருக்கும் இடத்துக்கே அனுப்புவதாகப் பேச்சு. அதற்கென்று பழுப்பு நிறத்தில் ஒரு தோல் பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. நான் அந்த வீட்டுக்குப் போனபோது அதில் கிழங்கு மாவு கொட்டி வைத்திருந்தார்கள்.

நாங்கள் போன முதல் வாரமே கிராணி குளியலறை அடுப்பில் மகனுடைய சாமான்களைப் போட்டு எரித்தார். மகன் அங்கிருந்து அனுப்பிய படங்கள், கடிதங்கள், தொப்பி வைத்த போட்டோ எல்லாம். வர்ணப் படங்கள் எரியும்போது நெருப்பு பச்சையாகவும் நீலமாகவும் வந்தது. நான் அழகு பார்த்துக்கொண்டு நின்றேன். கிராணியின் மனைவி கிராணியம்மா ஒரு படத்தைக் கையில் பிடித்தபடி விடாமல் இருந்தார்.

"குடும், குடும். எதிரி நாட்டில மகன் இருக்கிறான் எண்டு தெரிஞ்சால் எங்கள எல்லாரையும் முடிச்சுப் போடுவாங்கள்" என்றார் கிராணி.

அம்மையார் கொடுத்தார். அதுவும் எரிந்தது.

அதே அடுப்பில்தான், பார்த்தால் பையன் மாதிரி இருக்கட்டும் என்று வெட்டிய அக்காவின் பின்னலும் போனது. கிராணி மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். லாரியில் வரும் சிப்பாய்கள் கோழி கேட்பார்கள், முட்டை கேட்பார்கள், பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். வயதுப் பெண் இருக்கும் வீட்டில் பயத்தில் அடுப்புகூட எரியாத காலம் அது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தன் மகளைச் சண்டைக்கு முன்பே சிலோனுக்குச் சொந்தக்காரர்களோடு அனுப்பிவிட்டதாகக் கிராணி தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்தார். ஜப்பான்காரர்கள் வந்து குடும்ப விவரம் கேட்டபோது, ஒரே மகள், அவளும் சிலோனில் என்று சொன்னார். மகனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அக்கா எங்கும் போகவில்லை. அந்த வீட்டு மச்சில் இருந்தாள்.

மச்சு என்றால் தகரக் கூரைக்கும் கூடத்தின் பலகைத் தட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கு. சாமான் அறை அலமாரி மேல் ஏறி, ஒரு பலகையை நகர்த்தினால் உள்ளே போகலாம். நிமிர்ந்து உட்கார முடியாது. காலையில் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் அக்கா மேலே போய்விடுவாள். பொழுது சாய்ந்து ஆபீஸ் கதவு சாத்திய பிறகுதான் இறங்குவாள். கிராணி, அவர் மனைவி, என் அம்மா, நான். இந்த நாலு பேரைத் தவிர அவள் அங்கிருப்பது யாருக்கும் தெரியாது. தண்ணீரும் கிழங்கும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. உடம்பு சிறியது என்பதால் பூனை மாதிரி ஏறிவிடுவேன். ஏறினால் இறங்க மாட்டேன். அக்கா பக்கத்தில் படுத்துக்கொள்வேன்.

வெயில் ஏற ஏறத் தகரம் காய்ந்து டக் டக்கென்று சத்தம் போடும். வௌவால் எச்சத்தின் நாற்றம். வியர்வை பலகையில் சொட்டி, கீழே கறை தெரிந்துவிடுமோ என்று அக்கா துணியை விரித்துப் படுப்பாள். லாரிச் சத்தம் கேட்டால் என் வாயைப் பொத்துவாள். லாரி போன பிறகும் வெகுநேரம் கையை எடுக்க மாட்டாள். அப்படி ஒரு நாள் கையை எடுத்தவள், என் காதுக்குள், "நாங்கள் அண்ணாவைப் பாக்கப் போவமா?" என்றாள்.

"எங்கக்கா?"

"அண்ணாட ஊருக்கு. விடிய வெளிக்கிட்டுப் போய், பின்னேரம் திரும்பி வருவம். ஒரு நாள் காணும்."

அப்படித்தான் அது தொடங்கியது. ஊர்ப் பெயரைச் சொல்லக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னாள். இங்கிலீஷ் பெயர் வாய்தவறி வெளியே வந்துவிட்டால் ஆபத்து. அதனால் எங்களுக்கு அது வெறும் 'அந்த ஊர்'தான். கடல் கடப்பதைப் பற்றியெல்லாம் நாங்கள் கவலைப்படவில்லை. லண்டனில் ஏற்கெனவே இறங்கியாகிவிட்டது. அங்கிருந்து ஒன்பது மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். அதிலிருந்துதான் திட்டம்.

யார் யார் போவது என்பதில் முதல் நாள் சண்டை. அக்கா, நான், கிராணியம்மா, என் அம்மா, ஆக நாலு பேர்.

"ஐயா வரலியா?" என்று கேட்டேன்.

"அப்பாக்கு லீவு கிடைக்காது" என்றாள் அக்கா. அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஸ்டேஷனில் அண்ணன் சைக்கிளோடு நிற்பார். அங்கிருந்து ஊருக்குள் நடக்க வேண்டும். முதலில் சந்தை. அங்கே ஆளுக்கொரு பக்கம் வேடிக்கை பார்த்துவிட்டு, மணிக்கூண்டு இருக்கும் இடத்தில் ஒன்றுகூட வேண்டும். பிறகு ஒரு மாதா கோயில் கோபுரம். படி குறுகலாக, சுற்றிச் சுற்றிப் போகுமாம். மேலே ஏறினால் ஊர் முழுக்கத் தெரியுமாம். ஊருக்குப் பின்னால் ஆறு. ஆற்றில் தட்டையான படகு. துடுப்பு கிடையாது, நீளமான கழியை ஊன்றித் தள்ள வேண்டும். படகு பாலம் பாலமாகக் கடந்து போகும். ஒவ்வொரு பாலத்துக்கு அடியிலும் குளிரும்.

எரிந்துபோன படங்கள் எல்லாம் அக்காவின் தலைக்குள் இருந்தன. எந்தப் படத்தில் எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்றுகூடச் சொல்வாள்.

கல்லூரிகளுக்கு நடுவே பெரிய பெரிய புல்தரை இருக்குமாம். அதில் யாரும் கால் வைக்கக்கூடாதாம்.

"புல்லு வெட்ட ஆளு இல்லியா?" என்றேன். எங்கள் தோட்டத்தில் பெண்கள் நாளெல்லாம் குனிந்து புல் பிடுங்குவார்கள். ஒருவன் புல்லை வளர்த்து, அதை மிதிக்கக்கூடாது என்று காவலும் வைப்பான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

என்னுடைய கவலையெல்லாம் சாப்பாடுதான். கோபுரத்தில் ஏறும் முன்பே சாப்பிட்டுவிடலாம் என்பேன். ஏறிவிட்டுத்தான் சாப்பாடு என்பாள் அக்கா. சோறுதான் வேண்டும், பச்சரிசி புழுங்கலரிசி எதுவானாலும் சரி, கிழங்கு கூடாது என்பேன். அதற்கு அவள் உடனே ஒத்துக்கொண்டாள். முதலில் காலையிலேயே படகு என்று வைத்திருந்தோம். காலைக் குளிர் எனக்கு ஆகாது என்று அக்காவே அதைப் பிற்பகலுக்கு மாற்றினாள். அந்த மாற்றத்துக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் பேசியிருப்போம்.

கூரையில் மழை விழுந்தால் தாராளமாகக் குரல் விட்டுப் பேசலாம். மற்ற நேரம் மூச்சோடு மூச்சாகத்தான். சில சமயம் மறந்துவிடுவோம். அப்போது கீழே கிராணியம்மா அகப்பைக் காம்பால் தூணில் தட்டுவார். இரண்டு தட்டு.

"பிள்ளையள், சத்தம் கேக்குது. உங்கட விசர்க் கதையை நிப்பாட்டுங்கோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். விசர் என்றால் அவர்கள் பேச்சில் பைத்தியம்.

அவருக்கு எங்கள் பேச்சு பிடிக்காது என்றே நினைத்தேன். கூடத்தில் எங்களுக்கு நேர் கீழே பாய் விரித்து, கிழங்கு சீவுவதும் கல் பொறுக்குவதுமாக நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். சமையலறையில் வெளிச்சம் நன்றாக இருக்க, இவர் ஏன் இந்த இருட்டில் உட்காருகிறார் என்று என் அம்மாகூடக் கேட்டதுண்டு.

இதற்கிடையில் தோட்டத்தில் கிராணியைப் பற்றி வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் லயத்து ஆட்கள் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் வீட்டுப் படிவரை வருவார்கள். இப்போது வேலிக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறார். ஜன்னல் எந்நேரமும் சாத்தியிருக்கிறது. கிராணி வீட்டுப் பக்கம் வந்த மண்டோர், அதாவது வேலை வாங்கும் மேற்பார்வைக்காரர், அம்மாவை வழிமறித்துக் கேட்டார்.

"கெராணி வூட்டுல என்னா ஒளிச்சி வச்சிருக்காரு? அரிசி மூட்டையா?"

"எனக்கென்னாங்க தெரியும். நா அடுப்படியோட சரி" என்று அம்மா நடையைக் கட்டினாள்.

மண்டோர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பக்கத்துத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் மலைக்காட்டில் துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள். ஜப்பான்காரனை எதிர்ப்பவர்கள். அவர்கள் எங்காவது எதையாவது செய்தால், ஜப்பான்காரர்கள் பக்கத்தில் இருக்கும் லயத்தைக் கொளுத்திவிடுவார்கள். தெரிந்தும் சொல்லாத மண்டோரை முதலில் பிடிப்பார்கள். எங்கள் தோட்டத்துச் சரிவுக்குக் கீழேதான் ஆறு. ஆற்றின்மேல் ரயில் பாலம். அதைப் பற்றிய பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. இதெல்லாம் எனக்கு இப்போது புரிகிறது. அப்போது அவர் வெற்றிலைக் கறைப் பல்லும் பிரம்பும்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில் எனக்கு மலேரியா வந்தது. கொய்னா மாத்திரை கிடைக்காத காலம். தோட்டத்து ஆஸ்பத்திரி என்ற ஓலைக் கொட்டகையில் பலகைக் கட்டிலில் போட்டார்கள். ஏதோ பட்டையை இடித்துக் கசாயம் கொடுத்தார்கள். குளிர் வந்தால் கட்டிலோடு ஆடுவேன். சூடு ஏறினால் நினைவு இருக்காது. பக்கத்துக் கட்டிலில் காலில் ஆறாத புண்ணோடு கிடந்தவர் யார் தெரியுமா, அந்த மண்டோர்தான்.

நான் என்ன பேசினேன் என்று எனக்குத் தெரியாது. பிதற்றியதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது மணி ரயில். நாலு பேர். சந்தையில் பிரிந்து போய் மணிக்கூண்டுக்குக் கீழே கூடணும். கோபுரத்தில் ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும். படகில் பாலத்துக்கு அடியில் போகணும். மாற்றியாச்சு, காலையில் வேண்டாம், சாயங்காலம்தான். அண்ணன் அங்கே காத்திருப்பார்.

நீங்களே சொல்லுங்கள். கிராணி வீட்டில் வளரும் பிள்ளை இப்படிப் பேசினால், அந்தக் காலத்தில் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வீர்கள்? மண்டோர் நொண்டிக்கொண்டே போய் ஜப்பான்காரர்களிடம் சொல்லிவிட்டார்.

காய்ச்சல் விட்டு நான் எழுந்து உட்கார்ந்த அன்று முற்பகலில் லாரி வந்தது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கிராணி வீட்டுக்கு வந்திருந்தாள். எப்போதும்போல் அக்கா மேலே. சிப்பாய்கள் வீட்டைச் சுற்றி நின்றார்கள். ஓர் அதிகாரி வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. அவரோடு பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு தமிழர். வாசலில் மண்டோர், காலில் துணிக் கட்டோடு நின்றார். கிராணியை ஆபீஸிலிருந்து கூட்டி வந்து சுவரோரம் நிறுத்தினார்கள்.

சிப்பாய்கள் வீட்டைப் புரட்டினார்கள். மாவுப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். அலமாரியைத் திறந்தார்கள். மேலே பார்க்கவில்லை. ஒருவன் அலமாரிக் கதவை ஓங்கிச் சாத்தினான். மேலே பலகை அசைந்துவிட்டதோ என்று தலையைத் தூக்கப் போனேன். என் அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள். மேலே பார்க்காதே என்று அதற்கு அர்த்தம்.

மொழிபெயர்ப்பாளர் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பாப்பா, பயப்படாத. தொர கேக்கிறாரு. ரயிலு, பாலம், படகுன்னு சொன்னியாமே. அதெல்லாம் ஒனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க."

"நாலு பேருன்னு சொன்னியே. யாரு அந்த நாலு பேரு?"

நான் பேசவில்லை. அதிகாரி எழுந்து வந்து ஓர் அறை விட்டார். காய்ச்சலில் கிடந்த உடம்பு, கீழே விழுந்துவிட்டேன். பலகைத் தரையில் கன்னம் பட்டுக் கிடந்தபோது எனக்கு நேர் மேலே அக்கா இருக்கிறாள் என்பது ஒன்றுதான் நினைவில் இருந்தது. அவளும் இப்படித்தான் கன்னத்தைப் பலகையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு சொல் சொன்னால் அவள் இறங்கிவர வேண்டியதுதான்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து கிராணியம்மா வந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பிள்ளையை அடிக்காதையுங்கோ. நான்தான் சொன்னனான்."

கிராணி திரும்பிப் பார்த்தார். எனக்கு அவரைவிட அதிர்ச்சி. கிராணியம்மாவுக்கு எங்கள் திட்டம் எப்படித் தெரியும், விசர்க் கதை என்று தூணில் தட்டுகிறவர் ஆயிற்றே.

அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைக் கூடத்துக்கு வெளியே கொண்டுபோய், ஒரு சிலேட்டும் சாக்குக்கட்டியும் கொடுத்து, அந்த ஊரை வரையச் சொன்னார்கள். வரைந்தேன். ஆறு ஒரு வளைவு. அதன்மேல் பாலங்கள். ஒரு கோபுரம், ஒரு மணிக்கூண்டு, சந்தை என்று ஒரு கட்டம். நடுவில் ஒரு பெரிய சதுரம், அது மிதிக்கக்கூடாத புல்தரை. ஆற்றில் ஒரு படகு, அதில் நாலு புள்ளி. என்னை உள்ளே கூட்டி வந்து, சிலேட்டை அதிகாரியிடம் கொடுத்தார்கள். அவர் அதை மார்போடு திருப்பிப் பிடித்துக்கொண்டு கிராணியம்மாவிடம் கேட்கச் சொன்னார். இப்போது நீ சொல்.

தவறினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். நான் அழவும் மறந்து நின்றேன்.

கிராணியம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"ஒன்பது மணி ரயில். இறங்கினால் ஸ்டேஷன் ஊருக்கு வெளியில இருக்கு, கொஞ்சத் தூரம் நடக்கவேணும். முதல்ல சந்தை. பிறகு மணிக்கூண்டடியில எல்லாரும் சேருறது. கோபுரத்தில ஏறிப்போட்டுத்தான் சாப்பாடு. இந்தப் பிள்ளை முன்னுக்குச் சாப்பிடவேணும் எண்டு நிப்பாள், அது சரிவராது. புல்லில இருக்க விடமாட்டினம், ஆத்தங்கரையில இருந்து சாப்பிடுவம். படகு பின்னேரம். முந்தி காலமை எண்டுதான் இருந்தது. குளிருமெண்டு மாத்தினது."

நிறுத்திவிட்டு, என் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"படகில நான் இவளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருப்பன். இவளுக்கு நீந்தத் தெரியாது."

அது திட்டத்தில் இல்லை. நானும் அக்காவும் அதைப் பேசவே இல்லை.

அதிகாரி சிலேட்டைப் பார்த்தார். படகில் இருந்த புள்ளிகளை விரலால் தட்டினார். மொழிபெயர்ப்பாளர் கேட்டார், "நாலு பேரு யாருங்கம்மா?"

"நானும் இவரும். இந்தப் பிள்ளையும் தாயும்" என்றார் கிராணியம்மா. மூச்சுத் தடுமாறவில்லை. லீவு கிடைக்காத கிராணி அப்படித்தான் பயணத்தில் சேர்ந்தார்.

"இது எந்த ஊரு? எதுக்குப் போறீங்க?"

அந்த இடத்தில்தான் அவர் நின்றார். கிராணி தலையை மெல்ல, மிக மெல்ல, இரண்டு பக்கமும் அசைத்தார். வேண்டாம் என்று. மேலே தகரம் ஒரு தடவை டக்கென்றது.

"இங்கிலாந்தில. என்ர மகன் அங்க படிக்கிறான்" என்றார் கிராணியம்மா. "கண்டு கனகாலம். இருக்கிறானோ இல்லையோ தெரியாது. வேற ஆரிட்டச் சொல்லுறது? இந்தச் சின்னப் பிள்ளையிட்டத்தான் சொல்லுவன்."

மொழிபெயர்ப்பாளர் அதிகாரியிடம் வெகுநேரம் ஏதோ சொன்னார். கிராணியம்மா சொன்னதைவிடக் கூடவே சொன்னாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. அதிகாரி வாசலில் நின்ற மண்டோரைப் பார்த்தார். மண்டோர் தரையைப் பார்த்தார். பாலத்துக்கு வெடி வைக்கும் திட்டத்தைத் தேடி வந்தவருக்கு, ஒரு தாய் மகனைப் பார்க்கப் போகும் திட்டம் கிடைத்தது. சிலேட்டைத் தரையில் போட்டார். அது இரண்டாக உடைந்தது.

என்னையும் அம்மாவையும் விட்டுவிட்டார்கள். கிராணியம்மாவையும் விட்டார்கள். மகன் இருப்பதை மறைத்துப் பொய் சொன்னதற்காகக் கிராணியைக் கையைக் கட்டி லாரியில் ஏற்றினார்கள். அவர் போகும்போது மனைவியைப் பார்க்கவில்லை. மேலேயும் பார்க்கவில்லை.

லாரிச் சத்தம் ஓய்ந்தது. அக்கா தானாகவே இறங்கி வந்தாள். முகம் முழுக்கப் பலகையின் கோடு பதிந்திருந்தது.

"ஏன் அம்மா அண்ணாவைச் சொன்னனீங்கள்?"

"அவன் தூரத்தில இருக்கிறான். இவங்களால அவனை எட்டேலாது. உன்னை எட்டலாம்."

"அப்பாவை?"

கிராணியம்மா கவிழ்ந்து கிடந்த மாவைக் கையால் கூட்டி அள்ளத் தொடங்கினார். என் அம்மாவும் உட்கார்ந்து அள்ளினாள். நானும் அள்ளினேன்.

கிராணி திரும்பி வர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. சிரம்பானிலிருந்து நடந்தும் மாட்டு வண்டியிலுமாக வந்தார். அடையாளம் தெரியவில்லை. நகங்கள் சில இல்லை. இடது காதில் அடித்து அடித்து, சீழ் வடிந்து, அந்தக் காது கேட்காமலே போனது. அங்கே நடந்ததைப் பற்றி அவர் பேசியதை யாரும் கேட்டதில்லை. மனைவியிடம் கோபித்துக்கொண்டாரா என்றும் எனக்குத் தெரியாது. திரும்பி வந்த முதல் நாள், சாப்பிட உட்கார்ந்தவர், "பிள்ளை சாப்பிட்டாளோ?" என்று கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கிராணியம்மா அழுதார்.

அக்காவும் நானும் அதன் பின் அந்த ஊரைப் பற்றிப் பேசவே இல்லை. மச்சில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்போம். மழை பெய்தாலும் பேச மாட்டோம்.

மண்டோர் ஒருநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அம்மாதான் போனாள். "நா நம்ம ஆத்துப் பாலமின்னு நெனச்சிட்டேன் தாயி. லயத்துல எம்புட்டு பேரு இருக்காங்க" என்றார். அம்மா பழத்தை வாங்கவில்லை. ஆனால் அவரைத் திட்டவும் இல்லை. அவர் பழத்தை வேலிக் கம்பில் மாட்டிவிட்டுப் போனார். பசிக்கு அதை நான் தின்றேன்.

சண்டை முடிந்து ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள் என்று உறுதியான பிறகு, ஒரு காலைப் பொழுதில் அக்கா வாசலுக்கு வந்தாள். மூன்று வருஷத்துக்கு மேல் வெயில் படாத உடம்பு, கிழங்கின் உட்புறம் மாதிரி வெளுத்திருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் கையால் மறைத்துக்கொண்டு படியில் நின்றாள். நாலு அடி நடந்ததும் கால் மடங்கியது, நான் பிடித்துக்கொண்டேன். வேலிப் பக்கம் போய்க்கொண்டிருந்த மண்டோர் அப்படியே நின்றுவிட்டார். தலைத்துண்டை எடுத்தார்.

"சிலோன்லேருந்து எப்பம்மா வந்தீங்க?" என்று கேட்டார்.

அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நேத்து" என்றாள்.

அவர் நம்பினாரா, எல்லாம் விளங்கிவிட்டதா என்று சொல்ல முடியாது. வேலைக்காட்டுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.

அக்கா பிறகு சிரம்பானில் டீச்சரானாள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, நாலு எழுத்து படிக்க வைத்ததும் அவள்தான். கடைசிவரை அவள் கப்பலும் ஏறவில்லை, விமானமும் ஏறவில்லை. தாழ்ந்த கூரை உள்ள எந்த இடத்திலும் அவளால் உட்கார முடியாது. ரயில்பெட்டியில்கூட ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொள்வாள்.

அண்ணன் உயிரோடு இருந்தார். சண்டை முடிந்து இரண்டு வருஷம் கழித்து வந்தார். நான் அப்போது பாவாடை தாவணி கட்டத் தொடங்கியிருந்தேன். அம்மா அந்த வீட்டிலேயே சமையல். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல மனிதர், சிவந்த முகம், கலகலவென்று பேச்சு. அப்பாவிடம் ஏதோ கேட்டார். அவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்ததால் கிராணிக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை உரத்துக் கேட்டார்.

"என்னப்பா, காது கேக்கேல்லையோ? நான் போய் வாறதுக்குள்ள இப்பிடிக் கிழவனாப் போனீங்களே" என்று சிரித்தார்.

கிராணியம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் வாய் திறந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். யாரும் திறக்கவில்லை. நானும் காப்பித் தட்டைப் பிடித்தபடி நின்றேன்.

கிராணியும் சிரித்தார். "ஓம், வயசு போட்டுது" என்றார். எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கேட்கிற காதை மகன் பக்கம் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப சொல்லு தம்பி. உன்ர ஊரைப் பற்றிச் சொல்லு. இவையள் எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் ஒண்டும் தெரியாது."